புதுப்பிப்பு: கீமோவுக்குப் பிந்தைய மறதி

கீமோவில் புற்றுநோய்க்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து, மூளையின் நோயெதிர்ப்புச் செல்களான மைக்ரோகிளியாவைச் சீண்ட, நரம்பிழைகளுக்கு உறை போடும் செல்கள் சரிவர முதிராமல் போகின்றன என ஸ்டான்ஃபோர்டில் மிஷெல் மோன்ஜே குழு கண்டதைப் போன இழையில் சொல்லியிருந்தேன். "எல்லாம் எலிக்குத்தானே?" என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

ஆமாம், எலிதான். மைக்ரோகிளியாவை மருந்தால் குறைத்ததும் எலிகளின் நினைவுத்திறன் மீண்டது. நோயாளிக்கு அப்படியே செய்யத் துணிய மாட்டேன். மூளையின் காவலர்களே அந்தச் செல்கள்தான்.

கதிர்வீச்சுத் துறையைப் பார்த்தால் (கொஞ்சம் பொறாமையோடு) நம்பிக்கை வருகிறது. மூளைக்குப் பரவிய புற்றுநோய்க்கு முழு மூளைக்கும் கதிர் கொடுக்கும்போது நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் பகுதியில் மட்டும் கதிர் அதிகம் படாமல் காத்தார்கள். 518 பேரிடம் நடந்த சோதனை, 2020இல் வெளியானது. காக்கப்பட்டவர்கள், காக்கப்படாதவர்கள் என இரு பிரிவுக்கும் மெமண்டைன் (நினைவாற்றலைக் காக்கத் தரும் மருந்து) உண்டு. காக்கப்பட்டவர்களிடம் அறிவாற்றல் சரிவு குறைவு, உயிர்பிழைப்பில் வித்தியாசமில்லை.

கீமோவில் அப்படி ஓரிடத்தை ஒதுக்க வழியில்லை. மருந்து ரத்தத்தோடு போகிறதே! அதனால்தான் போஸ்ட்டாக்கில் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வில்) உறை போடும் செல்களையே எடுத்துக்கொண்டேன்.