கட்டிங் மாஸ்டரை எப்போது கூப்பிட வேண்டும்?

சரவணம்பட்டி டிசைனர்:
திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு கட்டிங் கணக்கு ஆப் செய்துகொண்டிருக்கிறோம். ரோல் நம்பர், எடை, லே (வெட்டுவதற்காக மேசையில் விரித்து அடுக்கும் துணி) எத்தனை அடுக்கு, எத்தனை பீஸ் வந்தது, அவ்வளவுதான். டீமில் பாதிப்பேர், நாமே ஸ்கிரீன் வரைந்து கடைசியில் மாஸ்டரிடம் காட்டி ஓகே வாங்கினால் போதும் என்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை, முதல் நாளிலிருந்தே அவர் நம்மோடு இருக்க வேண்டும்.

காரணம் சொல்கிறேன். அவருடைய நோட்டில் சில ரோல் நம்பருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சுழி இருந்தது. பேனா எழுதுகிறதா என்று கிறுக்கிப் பார்த்திருப்பார் என்று நினைத்து ஸ்கிரீனில் அதை விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் மேசைப் பக்கத்தில் நிற்கும்போது பார்க்கிறேன், ஒரு ரோலைப் பிரித்து, துணியை இரண்டு கையாலும் லேசாக இழுத்து விட்டு, "இது இன்னும் ஆறலைங்க, நாளைக்கு வெட்டிக்கலாம்" என்று சொல்லி அதே சுழியைப் போட்டார். பின்னல் துணி ரோலில் இழுபட்டுத்தான் சுற்றியிருக்கும், பிரித்து ஆறவிடாமல் வெட்டினால் அப்புறம் சுருங்கி அளவு குறைந்துவிடும். அதற்கு முன்னால் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து கேள்வி கேட்டிருக்கிறேன், ஒரு தடவைகூட இதைச் சொல்லவில்லை. மறைக்கவில்லை, தினமும் செய்கிற வேலை என்பதால் சொல்ல வேண்டிய விஷயமாகவே அவருக்குத் தோன்றவில்லை.

பம்ப்செட்:
தம்பி, நான் எதிர்க்கட்சி. கோவையில் தோட்டத்து மோட்டாரை போனிலேயே ஓட்டி நிறுத்துகிற ஆப் ஒன்றில் வேலை செய்தேன். இருபது வருட அனுபவமுள்ள பம்ப் இன்ஜினியர் முதல் நாளிலிருந்தே எங்களோடு இருந்தார், தங்கமான மனுஷன். முதல் ஸ்கிரீனில் என்ன வந்தது தெரியுமா? மூன்று பேஸுக்கும் வோல்டேஜ், மூன்று பேஸுக்கும் கரண்ட், பவர் ஃபேக்டர், ஓடிய நேரம் என்று வரிசையாக எண்கள். பொள்ளாச்சி பக்கம் ஒரு தோப்பில் கொடுத்துப் பார்த்தோம். தோப்புக்கார அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு, "மோட்டார் ஓடுதுங்க சரி, தண்ணி வருதுங்களா?" என்று கேட்டார்கள்.

போர்வெல்லில் தண்ணீர் கீழே போய்விட்டால் மோட்டார் வெறுமனே ஓடும், லோடு இல்லாததால் கரண்ட் இறங்கும், அப்படியே விட்டால் மோட்டாரே போய்விடும். அந்தப் பதில் அதே ஸ்கிரீனில் கரண்ட் எண்ணில் இருந்தது, ஆனால் இன்ஜினியர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அவரை முதலிலேயே கூப்பிட்டதால் எல்லோரும் அவர் கண்ணாலேயே பார்க்கப் பழகிவிட்டோம். முதலில் வேலை செய்கிறவரைப் பாருங்கள், நிபுணர் அப்புறம். பாப்பநாயக்கன்புதூர் அருணாசலம் முருகானந்தம் சானிட்டரி நாப்கின் மெஷின் செய்தாரே, எந்த நிபுணரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்?

ஊத்துக்குளி வெண்ணெய்:
அண்ணா, அந்த உதாரணம் உங்களுக்கே எதிராகப் போகிறது. நாப்கினுக்குள் இருப்பது பஞ்சு என்று நினைத்துப் பஞ்சிலேயே செய்துகொண்டிருந்தார். அது மரக்கூழில் இருந்து எடுக்கிற செல்லுலோஸ் என்று தெரியவே அவருக்கு இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. அந்தத் தொழில் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்திருந்தால் ஒரே நாளில் சொல்லியிருப்பார், பாவம், அவருக்கு அப்படி யாரும் கிடைக்கவில்லை. பயன்படுத்துகிறவர்களைக் கேட்டாலாவது உண்மை வந்ததா? மருத்துவக் கல்லூரி மாணவிகளிடம் படிவம் கொடுத்தார், ஒரு நாள் போய்ப் பார்த்தால் சிலரே உட்கார்ந்து எல்லோருடைய படிவத்தையும் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். அதற்கப்புறம்தான் ஃபுட்பால் பிளாடரில் ஆட்டு ரத்தம் நிரப்பித் தானே கட்டிக்கொண்டு நடந்து பார்த்தார். நிபுணரோ பயனாளியோ, வாயால் கேட்டு வாங்குகிற பதிலை மட்டும் நம்பினால் இப்படித்தான் ஆகும்.

பம்ப்செட்:
சரி, செல்லுலோஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பொருள் எதனால் ஆனது என்று சொல்வது வேறு, ஸ்கிரீன் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது வேறு. இரண்டாவதை நிபுணர் கையில் கொடுக்க மாட்டேன்.

கட்டிங் டேபிள்:
எல்லோரும் எங்களைப் பற்றியே பேசுகிறீர்கள், நானும் சொல்லிவிடுகிறேன். 22 வருடமாக மாஸ்டர் வேலைதான். இந்த மாதிரி ஆப் செய்கிறவர்கள் மூன்று தடவை கூப்பிட்டார்கள், போனேன். நான் மீட்டிங்கில் இருந்தால் இங்கே லே நிற்கும், மேசையில் ஆட்கள் கை கட்டி நிற்பார்கள், பீஸ் ரேட்டில் எங்கள் எல்லோருக்கும் நஷ்டம். பிஸ்கட்டும் டீயும் கொடுத்தார்கள், அந்த நேரத்துக்குக் கூலி என்று யாரும் பேச்சே எடுக்கவில்லை. டிசைனருக்குச் சம்பளம், ஆப் எழுதுகிறவருக்குச் சம்பளம், தொழிலைச் சொல்லிக் கொடுக்கிறவனுக்கு மட்டும் இல்லை என்றால் மனது விட்டு எப்படிங்க பேசுவது?

தம்பிக்கு இன்னொன்று. அந்தச் சுழியை அப்படியே ஆப்பில் பட்டனாக வைத்துவிடாதீர்கள். அது அந்த மாஸ்டர் பழக்கம், நான் ரோல் நுனியில் முடிச்சுப் போட்டு வைப்பேன், இன்னொருத்தர் ரோலை மேசைக்கு அடியில் தனியாகத் தள்ளிவிடுவார். ஒருத்தர் நோட்டைப் பார்த்துவிட்டு இதுதான் தொழில் என்று எடுத்துக்கொண்டால் அடுத்த கம்பெனியில் அந்த ஆப் ஓடாது. அப்புறம், கணக்கை போனில் ஏற்றப் போவது மாஸ்டர் இல்லை, பண்டில் கட்டி நம்பர் ஒட்டுகிற பிள்ளைகள். அவர்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டீர்களா?

சரவணம்பட்டி டிசைனர்:
இல்லைங்க மாஸ்டர், கேட்கவில்லை. நோட்டு அவர் கையில் இருந்ததால் போனும் அவர் கைக்குத்தான் போகும் என்று நினைத்துவிட்டேன். அதில் பம்ப்செட் அண்ணா சொன்னதுதான் சரி. ஆனாலும் கடைசியில் கூப்பிட்டால் போதும் என்பதை இப்போதும் ஏற்க மாட்டேன், சுழி அப்போது என் கண்ணில் பட்டே இருக்காது. கூலி விஷயத்தை எங்கள் மேனேஜரிடம் இன்றைக்குப் பேசிவிட்டேன், ஒரு நாள் வந்தால் உங்கள் மேசைக்கு ஒரு ஷிப்ட் கூலி கொடுக்கச் சம்மதித்திருக்கிறார். உங்கள் மேசைக்கே நாங்கள் வரலாமா?

கட்டிங் டேபிள்:
எங்கள் முதலாளியிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன். சனிக்கிழமை மட்டும் வேண்டாம், சம்பள நாள். புதன்கிழமை வாருங்கள், வந்ததும் கேள்வி கேட்க ஆரம்பிக்காமல் மத்தியானம் வரைக்கும் பண்டில் கட்டுகிற இடத்தில் நில்லுங்கள். என்னுடைய பழைய நோட்டு இரண்டு மூன்று வீட்டில் கிடக்கிறது, எடுத்து வைக்கிறேன்.