பழைய மதுவிலக்குச் சங்கக் கட்டடம்: உள்ளே போனவங்க இருக்கீங்களா?

திண்ணைவாசி: 1937 அக்டோபர் 1ல ராஜாஜி அரசு முதல்ல சேலம் மாவட்டத்துல மதுவிலக்கைக் கொண்டுவந்த கதை, பழைய மாவட்டத்துக்காரங்களுக்குத் தெரியும், விட்டுடறேன். எங்க ஊர்ச் சங்கக் கட்டடம் இப்போ நூல் குடோன். சாவி வச்சிருந்தவர் கூட உள்ளே போனேன். பரண்ல ‘விமோசனம்’ங்கிற மதுவிலக்குப் பத்திரிகையோட பழைய இதழ் ஒண்ணு, ராஜாஜி ஆசிரியரா இருந்து புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்துல இருந்து வந்தது. அதுக்கு அடியில குடிக்கமாட்டேன்னு சத்தியம் பண்ணினவங்க பதிவேடு. எங்க அப்பாரு பேரு ஒரு பக்கத்துல இல்லீங்க, பல பக்கத்துல. ஒவ்வொரு தடவையும் புதுசா “இனிமேல் தொடமாட்டேன்”, கீழே கைநாட்டு. கடைசிக் கைநாட்டுல மை அப்பி, பக்கத்து ஆள் பேரையே மூடியிருக்கு. அதுக்கப்புறம் பேரு இல்ல. நிறுத்திட்டாரா, சங்கத்துக்குப் போறதை நிறுத்திட்டாரா?

கொங்குக்கிளி: எங்க அம்மாயி சொல்லும், கள்ளுக்கடை மூடின புதுசுல சாயங்காலமானா சங்கக் கட்டடத்துல பஜனை, வெளியே சடுகுடு. அவங்க அப்பா முதல் தடவையா முழுக் கூலியையும் கொண்டாந்து குடுத்தப்போ, வீட்டுல எண்ணிக்கூடப் பார்க்கலையாம். “யாருகிட்ட கடன் வாங்குன?”ன்னு சண்டை!

பனங்காடு: எல்லாரும் ராஜாஜிலயே ஆரம்பிங்க. 1921 ஈரோடு கள்ளுக்கடை மறியல்ல பெரியாரோட மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் நின்னது என்ன ஆச்சு? கள்ளு இறக்கக் கூடாதுன்னு பெரியார் தன் தோப்புத் தென்னையையே வெட்டிச் சாய்ச்சாரே? கள்ளு வருமானம் போச்சுன்னு 1939ல விற்பனை வரி வந்ததையும் சேர்த்துக்குங்க. எங்க தாத்தா மரமேறி. பதநீர் இறக்கலாம், ஆனா அது கள்ளாப் புளிக்காம இருக்கக் கலயத்துல சுண்ணாம்பு தடவணும்னு அப்போ சட்டம். அதிகாரி வந்து கலயத்துக்குள்ள விரலை விட்டு வழிச்சுப் பார்ப்பாராம். சுண்ணாம்பு ஒட்டலைன்னா கேஸு. உங்க பஜனைக் கட்டடத்துப் பக்கம் அவர் எட்டிக்கூடப் பார்த்ததில்ல.

கொங்குக்கிளி: அம்மாயி சொன்னதைத்தானே எழுதினேன், பஜனையை நானா பாடினேன்?

ஏட்டுச்சுவடி: எங்க ஊர்ல அப்படி ஒரு கட்டடத்தை இடிச்சாச்சு, அவ்வளவுதான் என் கதை. திண்ணைவாசி, அந்தப் பதிவேட்டை லேமினேஷன் மட்டும் பண்ணிடாதீங்க. செல்லோ டேப்பும் வேண்டாம், பசை காகிதத்தைப் பழுப்பாக்கிடும். மை தண்ணி பட்டா கரையும், ஈரத்துணியால துடைக்காதீங்க. மெல்லிசு பிரஷ்ஷால தூசி தட்டி, ஃபிளாஷ் இல்லாம ஜன்னல் வெளிச்சத்துல பக்கம் பக்கமா போட்டோ எடுங்க. அட்டையையும் எடுங்க, காலிப் பக்கத்தையும் எடுங்க. வெயில்ல காயவைக்கிறேன்னு மொட்டைமாடிக்குக் கொண்டு போறவங்களை நான் பார்த்திருக்கேன்.

திண்ணைவாசி: பதிவேடு என்கிட்ட இல்லீங்க. பூட்டிட்டாரு.