ஒப்பந்தக் காலம் முடியுமுன் வெளியேறிய வாடகையாளர்: பாக்கியையும் சேதத்தையும் பெறுவது எப்படி?

கொக்குவில் வாசி:
கனடாவில் வசிக்கும் தமையனாரின் வீட்டை நானே பராமரித்து வருகிறேன். ஓராண்டு எழுத்து ஒப்பந்தத்துடன் குடியிருந்தவர், ஐந்து மாதங்கள் எஞ்சியிருக்கையில், அறிவித்தல் எதுவுமின்றித் திறப்பைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுச் சென்றுவிட்டார். இரண்டு மாத வாடகையும் மின்கட்டணமும் நிலுவையில் உள்ளன. குசினி மேடை உடைந்திருக்கிறது, கிணற்று மோட்டர் எரிந்திருக்கிறது, குழாய்கள் அடைபட்டுள்ளன. கையில் இருப்பது ஒரு மாத முற்பணம் மட்டுமே. அவர் விட்டுச் சென்ற குளிர்சாதனப் பெட்டியை விற்று ஈடுசெய்யலாமா? பொலிஸில் முறையிடலாமா?

நல்லூரான்:
ஐயா, நீதிமன்றக் கட்டளை இல்லாமல் அந்தப் பெட்டியை விற்றால், பணம் கேட்க வேண்டிய நீங்களே பதில் சொல்ல வேண்டியவராகிவிடுவீர்கள். அதைப் படம்பிடித்து, பத்திரமாக வைத்து, எடுத்துச் செல்லுமாறு பதிவுத் தபாலில் எழுதுங்கள். வாடகைப் பாக்கி குடியியல் விடயம் என்பதால் பொலிஸார் அதை அறவிட்டுத் தரமாட்டார்கள்.

பழைய மேற்பார்வையாளர்:
சேதத்தையும் தேய்மானத்தையும் முதலில் பிரித்துவிடுங்கள். நமது யாழ்ப்பாணக் கிணற்று நீர் சுண்ணக்கற் பாறையிலிருந்து வருவது. குழாயில் வெண்படிவு பிடிப்பதற்கு எந்தக் குடியிருப்பாளரும் பொறுப்பல்லர். மோட்டர் ஏன் எரிந்தது என்பதையும், அதன் வயதையும், திருத்துபவரிடம் எழுத்தில் பெறுங்கள். பழைய மோட்டருக்குப் புதியதன் விலையைக் கேட்பது நியாயமன்று. மேடைக்கு மேசனின் மதிப்பீடு போதும், ஆனால் வீட்டைக் கொடுத்தபோது எடுத்த படங்கள் இல்லையெனில் வாதம் வலுவிழக்கும்.

தெல்லிப்பழைச் சகோதரி:
இலங்கையின் 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த, பிணக்குகளைப் பேசித் தீர்க்க உதவும் மத்தியஸ்த சபையை நாடுங்கள். பெரும்பாலும் வார இறுதியில் பாடசாலைகளில் கூடும், சட்டத்தரணி தேவையில்லை. குறித்த தொகைக்கு உட்பட்ட பணப் பிணக்காயின், இணக்கம் ஏற்படவில்லை என்ற அச்சபையின் சான்றிதழின்றி நீதிமன்றம் வழக்கை ஏற்காது. வீடு தமையனாரின் பெயரில் இருப்பதால், உங்களுக்கு அற்றோர்னித் தத்துவம் (அவர் சார்பில் செயற்பட அவர் எழுத்தில் தரும் அதிகாரம்) உண்டா என்று பாருங்கள். ஒப்பந்தத்தில் ஒப்பமிட்டவர் யார் என்பதும் முக்கியம். எஞ்சிய ஐந்து மாத வாடகையை முழுவதுமாக எதிர்பார்க்க வேண்டாம்: வீட்டை மீண்டும் வாடகைக்குக் கொடுக்க நீங்கள் முயல வேண்டும், புதியவர் வந்த நாள் முதல் இவரிடம் வாடகை கேட்க முடியாது. மூன்று ஆண்டுகள் கடந்தால் வாடகைப் பாக்கி காலங்கடந்ததென எதிர்வாதம் எழலாம் என்பதால் இழுத்தடிக்காதீர்கள்.

கொக்குவில் வாசி:
மிக்க நன்றி. ஒப்பமிட்டவர் தமையனார்தான், தத்துவப் பத்திரத்துக்கு இன்றே எழுதுகிறேன். குழாய்களைக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டேன், மோட்டரை நாளை காட்டுகிறேன்.