ஆர்ட் பிளேக்கியை முதலில் எங்கே கேட்டீர்கள்?

ஜாஸ் டிரம்மர் ஆர்ட் பிளேக்கி உங்கள் காதில் எப்படி வந்து விழுந்தார் என்று எழுதுங்கள். நான் ஆரம்பிக்கிறேன்.

எனக்கு 'மோனின்' என்ற மெட்டு. 1958 அக்டோபர் 30இல் புளூ நோட் இசைத்தட்டு நிறுவனத்துக்காகப் பதிவானது. பியானோ ஒரு வரி போடும், ஊதுகருவிகள் இரண்டே சுரத்தில் பதில் சொல்லும். கறுப்பின மக்களின் தேவாலயங்களில் போதகரும் சபையும் மாறி மாறிப் பாடுவார்களே, அந்த முறை. தனி வாசிப்பு ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போகும் இடத்தில் பிளேக்கி ஒரு உருட்டு உருட்டுவார் பாருங்கள், அதற்காகவே திரும்பத் திரும்பக் கேட்டேன்.

*

தம்பி, நான் மிருதங்கம் வாசிப்பவன். அந்த உருட்டு, தனி ஆவர்த்தனத்தில் முடிவை அறிவிக்கும் நம் மோரா செய்கிற வேலையைத்தான் செய்கிறது: இந்தச் சுற்று முடிகிறது, அடுத்ததை இங்கே எடு. ஆனால் மோராவில் கணக்கு, இவரிடம் அழுத்தம். இரண்டு குச்சியையும் ஸ்னேர் என்ற சிறு டிரம்மின் தோலில் அழுத்தி, அடிகள் தனித்தனியாகக் கேட்காதபடி உருட்டிச் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போவார். காணொளியில் பார்த்தபோது, முழங்கையைத் தோலில் ஊன்றிச் சுருதியை மாற்றியதைக் கண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். காலால் மிதித்து மூடும் ஜோடித் தாளமான ஹைஹாட் மட்டும் இரண்டாம், நான்காம் எண்ணிக்கையில் அசையாமல் மூடிக்கொண்டிருக்கும். சில இடங்களில் வாசிப்பவரை அமுக்கிவிடும் அளவுக்கு அடிக்கிறார் என்பது என் குறை.

*

அமுக்கவில்லை ஐயா, தள்ளிவிடுகிறார்! அப்படித் தள்ளப்பட்டவர்கள் பட்டியலைப் பாருங்கள்.

நான் அவரைச் சந்தித்தது 1954 பிப்ரவரி 21இல் நியூயார்க் பேர்ட்லேண்ட் கிளப்பில் நேரடியாகப் பதிவான தட்டில். டிரம்பெட்டில் கிளிஃபர்ட் பிரவுன், ஆல்டோ சாக்ஸபோனில் லூ டொனால்ட்சன், பியானோவில் ஹொரேஸ் சில்வர். நடுவில் பிளேக்கி மைக்கைப் பிடித்து, நான் இளைஞர்களோடுதான் இருப்பேன், இவர்களுக்கு வயதாகிவிட்டால் இன்னும் சின்னவர்களைப் பிடித்துக்கொள்வேன் என்கிறார். அவருக்கே அப்போது 34 வயதுதான்.

சொன்னதை 1990இல் இறக்கும்வரை செய்தார். சில்வரும் அவரும் சேர்ந்து நடத்திய குழு ஜாஸ் மெசஞ்சர்ஸ்; 1956இல் சில்வர் பிரிந்தபோது அந்தப் பெயர் பிளேக்கியிடம் தங்கியது. டிரம்பெட் வாசிக்கும் லீ மார்கன் 20 வயதில் வந்தார். சாக்ஸபோன் வாசிக்கும் வெயின் ஷார்ட்டர் 1959இல் வந்து, குழுவுக்காக மெட்டுகள் எழுதிக் குவித்து, 1964இல் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவுக்குப் போனார். இன்னொரு டிரம்பெட்காரர் வின்டன் மார்சலிஸ் 1980இல் வந்தபோது வயது 18. டிரம்மர் தலைவரென்றால் மேடை முழுக்க டிரம்தான் என்று நினைப்போம். இங்கே மெட்டு எழுதுவதும் அமைப்பதும் பெரும்பாலும் பையன்கள் வேலை. அப்புறம், 1969 முதல் சில ஆண்டுகள் பியானோ வாசித்த ஜோயன் பிராக்கீன் ஒரு பெண். 'பையன்கள்' என்றால் அவர் கோபிப்பார்.

*

எல்லாரும் அந்தக் குழுவைப் பள்ளிக்கூடம் என்று புகழ்கிறோம். சரி. ஹெராயினும் அங்கே இருந்தது. பிளேக்கியே அந்தப் பழக்கத்தில் இருந்தவர்; லீ மார்கன் 1961இல் குழுவை விட்டுப் போனதற்கு அதுவே காரணம். இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அவர் சொல்லும் கதைகளிலும் மசாலா தூக்கல். பிட்ஸ்பர்க்கில் பியானோ வாசித்துக்கொண்டிருந்தாராம். பின்னாளில் பெரிய பியானோ கலைஞரான எரோல் கார்னர் என்ற சின்னப் பையன் வந்து பிரமாதமாக வாசித்ததும், கிளப் முதலாளி துப்பாக்கியைக் காட்டி 'நீ டிரம்முக்குப் போ' என்றாராம்! 1940களின் பிற்பகுதியில் மேற்கு ஆப்பிரிக்கா போனது மதம் படிக்கத்தான், மத்தளம் படிக்க அல்ல என்றும் சொல்வார். அது ஓரளவு உண்மை என்றே நினைக்கிறேன். இஸ்லாத்தைத் தழுவி அப்துல்லா இப்னு புஹைனா என்று பெயர் வைத்துக்கொண்டார். கூட்டாளிகள் கடைசிவரை 'பு' என்றே கூப்பிட்டார்கள்.

*

என்னை அசத்தியது அவருடைய கடைசிக் காலம். காது ஏறக்குறைய போய்விட்டது. காது கேட்கும் கருவி மாட்டினால் தாளம் குழம்புகிறது என்று மறுத்து, அதிர்வை உடம்பில் வாங்கியே வாசித்தார்.

புதிதாகக் கேட்பவர்கள் பேர்ட்லேண்ட் தட்டிலேயே தொடங்கலாம். 'எ நைட் இன் ட்யூனிசியா'வுக்கு முன்னால் அவர் பேசுவதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். டிரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பி இந்த மெட்டை டெக்சாஸில் ஒரு குப்பைத்தொட்டியின் அடிப்பாகத்தில் வைத்து எழுதியபோது நானும் அங்கேதான் இருந்தேன் என்கிறார். மசாலாக் கணக்கு எழுதுபவர் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.