பழைய எம்எக்ஸ்-5 தினசரி ஓட்டத்துக்கு: எதிலிருந்து தொடங்குவது?

கேள்வி:
1990 மாஸ்டா எம்எக்ஸ்-5 (மடக்குக் கூரை கொண்ட இரண்டு சீட் கார்), 1.6 லிட்டர் இன்ஜின். தினமும் 40 கி.மீ. ஓட்டணும். பழைய சர்வீஸ் விவரம் எதுவும் கையில் இல்லை. முதலில் எதை மாற்றலாம்?

பதில் 1:
விவரம் இல்லையென்றால் எதுவுமே மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். டைமிங் பெல்ட்டின் (வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயக்கும் பட்டை) ஆயுள் ஏறக்குறைய 1,00,000 கி.மீ. அறுந்தாலும் இந்த இன்ஜினில் வால்வு பிஸ்டனில் இடிக்காது; ஆனால் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். பெல்ட்டைப் பிரிக்கும்போதே வாட்டர் பம்ப், டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிப்பது), கேம், கிராங்க் தண்டுகளின் ஆயில் சீல் எல்லாம் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அதே வேலை இரண்டு தடவை. ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் டேங்க் கறுப்பு போய்ப் பழுப்பாகியிருந்தால் சீக்கிரமே விரிசல் விடும். உடனே மாற்றுங்கள்.

பதில் 2:
பெல்ட்டை மாற்றுவதற்கு முன்னால் கிராங்க் புல்லியை, அதாவது இன்ஜின் முன்பக்கம் கிராங்க் தண்டின் முனையில் இருக்கும் சக்கரத்தைப் பாருங்க. முகப்பில் 4 வெட்டு இருந்தால் குட்டை மூக்கு கிராங்க் (தண்டின் முனை குட்டையான வகை), 8 என்றால் கவலை இல்லை. குட்டை மூக்கில் புல்லி போல்ட் சரியான டார்க்கில் (முறுக்கு அளவில்) இறுகாவிட்டால், தண்டில் கீ என்ற சிறு உலோகப் பூட்டுத் துண்டு உட்காரும் பள்ளம் தேய்ந்து டைமிங் நழுவும்.

பதில் 3:
கிளட்ச் ஸ்லேவ் சிலிண்டரின் (பெடலை மிதித்தால் திரவ அழுத்தத்தில் கிளட்சை இயக்குவது) ரப்பர் உறையைத் தூக்கிப் பாருங்கள். ஈரம் இருந்தால் பெடல் பக்கம் உள்ள மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். சீட்டுக்குப் பின்னால் கூரைத் தண்ணீர் வடியும் துளை அடைத்தால் கதவுக்குக் கீழே துரு பிடிக்கும்.

கேட்டவர்:
4 வெட்டுதான். தேய்மானத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில் 2:
ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் ஐடிலில் ஓடவிட்டுப் புல்லியைக் கவனியுங்க. தள்ளாடினால் ஓட்டாதீங்க. முதலில் போல்ட்டைக் கழற்றி கீயைப் பாருங்க.