கிரகணத்தன்று இட்லி, சாவு வீட்டில் ஈரப் பஞ்சு: பகுத்தறிவாளர் மன்றத்தில் நாங்கள் சந்தித்தவர்கள்

ஓய்வுபெற்ற தபால்காரர், திண்டுக்கல்

போன மாதக் கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி கேட்டான். "எப்பவும் நீங்கதான் ஊரை யோசிக்கச் சொல்றீங்க. உங்களை யாராவது யோசிக்க வெச்சிருக்காங்களா தோழர்?" சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். இரவு தூக்கம் வரவில்லை. என் பங்கை எழுதுகிறேன், நீங்களும் எழுதுங்கள். மேடைப் பேச்சு வேண்டாம், நேரில் நடந்தது போதும்.

2019 டிசம்பர் 26. வளைய சூரிய கிரகணம். திண்டுக்கல் அந்த வளையம் தெரியும் பாதையிலேயே இருந்தது. மைதானத்தில் சூரியக் கண்ணாடி, ஓட்டை போட்ட அட்டை, முந்நூறு இட்லி, ஒரு அண்டா சாம்பார் எல்லாம் தயார். கிரகண நேரத்தில் சாப்பிட்டால் விஷம் என்பார்கள் அல்லவா, அதற்காகத்தான் இட்லி. கர்ப்பிணிகள் வெளியே வரக் கூடாது என்பதற்குப் பதிலடியாக ஒரு கர்ப்பிணியை முன்வரிசையில் உட்காரவைத்து ஊட்டிவிட வேண்டும் என்று நான்தான் திட்டம் போட்டேன். வேறு யாரைத் தேடுவது? என் மகளுக்கு அப்போது ஏழாம் மாதம். கார்த்திகைக் கடைசியில் சம்பந்தி வீட்டார் ஆசைப்பட்டு வளைகாப்பு நடத்தி எங்கள் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

முந்தின இரவு அவளிடம் சொன்னேன். முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "இதுல எனக்கு என்ன வேணும்னு ஒரு தடவையாவது கேட்டீங்களாப்பா? என் மாமியார் வெளிய போகாதன்னு சொல்றாங்க. நீங்க வெளிய வான்னு சொல்றீங்க. ரெண்டு பேருமே என் வயித்தைத்தான் பேசுறீங்க."

எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்க மாட்டேன். முப்பது வருடம் மன்றத்தில் இருந்தவனுக்கு வீட்டிலேயே இப்படியா என்று. காலையில் தனியாகப் போனேன். வேறு இரண்டு பெண்கள் விரும்பியே வந்திருந்தார்கள், சாப்பிட்டார்கள், படமும் எடுத்தார்கள். ஒன்பதரை மணி வாக்கில் வளையம் விழுந்தது. ஏறத்தாழ மூன்று நிமிடம். கூட்டம் கத்திய கத்தலில் பக்கத்து மரத்துக் காக்கையெல்லாம் பறந்தது.

அப்போது யாரோ என் தோளைத் தட்டினார்கள். மகள். தானாகவே நடந்து வந்திருக்கிறாள். கண்ணாடி போட்டு மேலே பார்த்துவிட்டு என்னைக் கீழே பார்க்கச் சொன்னாள். வேப்பமரத்தின் அடியில் மண் முழுக்க ஒளி வளையங்கள். இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஊசித்துளைக் கேமரா மாதிரி வேலை செய்து சூரியனைத் தரையில் அச்சடித்திருந்தது. "வளையல் கடை போட்ட மாதிரி இருக்குல்லப்பா" என்றாள். இட்லி வேண்டாம் என்றாள், புளித்த ஏப்பமாம். யாரும் அவளைப் படம் எடுக்கவில்லை. நானும் எடுக்கச் சொல்லவில்லை.

அரசுப் பள்ளி அறிவியல் ஆசிரியர், ஒட்டன்சத்திரம்

நான் மந்திரமா தந்திரமா நிகழ்ச்சி நடத்துகிறவன். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கலந்து சிவப்பாக்குவது, மெத்தில் ஆரஞ்சு என்ற வேதிச் சாயம் தடவிய கத்தியால் எலுமிச்சையை வெட்டி 'ரத்தம்' வரவழைப்பது, நாக்கில் கற்பூரம் ஏற்றுவது, கஞ்சித் தண்ணீரில் பிசைந்து காயவைத்த சாம்பல் உருண்டையை விரலிடுக்கில் ஒளித்து விபூதி கொட்டுவது என்று ஒன்றரை மணி நேரம் ஓடும். கோவை போத்தனூரில் வாழ்ந்த பிரேமானந்த் இந்த வித்தைகளை நாடு முழுக்கக் கொண்டுபோனவர், 2009இல் இறந்தார். எங்கள் பெட்டியில் இருப்பதில் பாதி அவர் வழி வந்தது. 1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடித்தபோது நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். கரண்டிப் பாலைச் சிலையின் தும்பிக்கையில் தொட்டால் திரவத்தின் மேற்பரப்பு இழுவிசை பாலை வெளியே இழுத்து மெல்லிய படலமாகச் சிலைமேல் வழியவிடும், தூரத்திலிருந்து பார்த்தால் குடித்த மாதிரி இருக்கும். அதை எங்கள் வாத்தியார் ஒரு செங்கல்லை வைத்துச் செய்துகாட்டினார். அன்றைக்குத்தான் நான் இந்தப் பக்கம் வந்தேன்.

சரி, சந்திப்புக்கு வருகிறேன். ஒரு கிராமத்தில் நிகழ்ச்சி முடிந்து பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தேன். அறுபது வயது அம்மா ஒருவர் வந்தார். அந்த ஊரில் குறி சொல்பவராம். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன்.

"கற்பூரத்தை நீ ரொம்ப நேரம் வாயில வெச்சிருக்க தம்பி. சூடு தெரியறதுக்குள்ள வாயை மூடிடணும், காத்து இல்லாம அணைஞ்சிடும். எங்க அத்தை எனக்குப் பதினாலு வயசுல சொல்லிக்கொடுத்தது" என்றார். எனக்கு வாயடைத்துப்போனது. அப்புறம் அவர் சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது. "எங்கிட்ட வர்ற பொண்ணுங்க கற்பூரத்துக்கு வரலை. புருஷன் அடிக்கிறான்னு அவங்க சொல்ல இந்த ஊர்ல வேற இடமில்லை. நீ கற்பூரத்தைப் பிடுங்கிட்டுப் போயிடுவ. நாளைக்கு அவங்க யாருகிட்ட போவாங்க?"

ஏமாற்றிக் காசு வாங்குவது சரி என்று நான் சொல்லவில்லை. அவர் காசு வாங்குகிறவர்தான். ஆனால் அந்தக் கேள்விக்கு என் பெட்டியில் பதில் இல்லை. இப்போது நிகழ்ச்சியின் கடைசிக் கால் மணி நேரத்தில் மாவட்ட மனநலத் திட்டத்தில் வேலை செய்யும் ஒருவரைப் பேசவைக்கிறோம். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணைப் பலகையில் பெரிதாக எழுதுகிறோம். பெண்கள் அதைப் படம் எடுப்பதில்லை, மனப்பாடம் செய்துகொண்டு போகிறார்கள். போனை வீட்டில் யாராவது பார்த்துவிடுவார்களே.

தையல் கடை வைத்திருப்பவர், பழனி

அப்பா கோவூரைப் படித்து மாறியவர். கேரளத்தில் பிறந்து இலங்கையில் ஆசிரியராக வாழ்ந்த ஆபிரகாம் கோவூர் 1978இல் இறந்தபோது கண்களையும் உடலையும் கொடுத்தார், எலும்புக்கூடு தான் பாடம் நடத்திய கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரிக்குப் போக வேண்டும் என்று எழுதிவைத்தார் என்பதை அப்பா எங்களிடம் கதை மாதிரி சொல்வார். தானும் மருத்துவக் கல்லூரிக்கு உடல்தானம் எழுதிக்கொடுத்தார். நாங்கள் சிரித்தோம். சாவை யார் நம்புகிறார்கள், அது வரும்வரை.

ஒரு சனிக்கிழமை இரவு பதினொரு மணிக்குப் போய்விட்டார். எனக்கு எதுவும் ஓடவில்லை. மன்றத்து அக்கா ஒருவருக்குப் போன் செய்தேன். அவர் அழவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. "ஃபேனை நிறுத்து. இமையை மூடிவிடு. சுத்தமான பஞ்சை நனைத்துக் கண்மேல் வை. தலைக்கு இரண்டு தலையணை. ஆறு மணி நேரத்துக்குள் கண் எடுக்க வேண்டும், நான் கண் வங்கிக்குப் பேசுகிறேன்" என்றார். அந்த நேரத்தில் அழுகையை விட வேலைதான் என்னை நிற்கவைத்தது. பஞ்சு காயக் காய நனைத்தேன். ஒன்றரை மணிக்கு வந்தார்கள், ரத்த மாதிரி எடுத்தார்கள், அரை மணி நேரத்தில் முடிந்தது. முகம் அப்படியே இருந்தது. குழி விழுந்துவிடும் என்று பயந்த சித்தி மூன்று முறை வந்து பார்த்துப்போனாள்.

உடல் விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை. மறுநாள் ஞாயிறு. மருத்துவக் கல்லூரிக்குப் போன் செய்தால் ஆள் இல்லை, திங்கட்கிழமை வாருங்கள் என்றார்கள். பெரியப்பா வாசலில் உட்கார்ந்துகொண்டு, "அனாதைப் பொணமா அவன்? கொள்ளி வைக்க ஆம்பளைப் பிள்ளை இருக்கையில அறுக்கக் கொடுப்பாங்களா?" என்று கத்தினார். அப்பா எழுதிவைத்திருந்தாலும் வீட்டார் ஒத்துக்கொள்ளாவிட்டால் கல்லூரி எடுக்காது. அண்ணன் சென்னையிலிருந்து வரும் வழியில் இருந்தான், அவன் மனம் எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது.

அந்த ஒரு நாள் முழுக்க மன்றத்திலிருந்து பத்துப் பேர் எங்கள் வாசலில் இருந்தார்கள். ஃப்ரீசர் பெட்டி கொண்டுவந்தது, பந்தல் போட்டது, வந்தவர்களுக்குக் காபி கொடுத்தது, இறப்பை உறுதிசெய்யும் மருத்துவரின் சான்றுக்கு அலைந்தது எல்லாம் அவர்கள்தான். பெரியப்பாவிடம் யாரும் வாதாடவில்லை. ஒரு பெரியவர் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து அப்பாவின் சின்ன வயதுக் கதைகளைக் கேட்டுக்கொண்டே இருந்தார், அவ்வளவுதான்.

மத்தியானம் பக்கத்து வீட்டுப் பாட்டி வந்து மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்க ஆரம்பித்தார். இளைஞர் ஒருவர், "பாட்டி, இதெல்லாம் அவருக்குப் பிடிக்காது" என்று தடுக்கப் போனார். அந்தப் பெரியவர் அவர் கையைப் பிடித்து இழுத்தார். "ஒப்பாரியில சாமி எங்கடா இருக்கு? அவன் நாத்து நட்டதைப் பாடுது கிழவி. உட்காரு." பாட்டி ஒரு மணி நேரம் பாடினார். அப்பா அவருக்கு ரேஷன் கார்டு வாங்கிக் கொடுத்ததைக்கூடப் பாட்டில் வைத்தார்.

அண்ணன் வந்து கையெழுத்துப் போட்டான். திங்கள் காலை வண்டியில் ஏற்றினோம். பெண்கள் மயானம் வரை போகக் கூடாது என்பார்கள். நான் கல்லூரி வாசல் வரை போனேன்.

யாரும் சொல்லித்தராத ஒன்றைச் சொல்கிறேன். திரும்பி வந்தால் வீட்டில் ஒன்றுமே இல்லை. சாம்பல் இல்லை, ஆற்றங்கரை இல்லை, பதினாறாம் நாள் இல்லை. சடங்கை விட்டவர்களுக்கு அழ ஒரு தேதிகூடக் கிடையாது. பத்தாம் நாள் மன்றத்தில் படத்திறப்பு வைத்தபோதுதான் எனக்கு உடைந்தது. அம்மா படத்துக்கு முன்னால் அகல் விளக்கை ஏற்றினார். விளக்கு வைக்கலாமா கூடாதா என்று இரண்டு தோழர்களுக்குள் பின்வரிசையில் கிசுகிசு வாக்குவாதம் நடந்தது, எனக்குக் கேட்டது. விளக்கு எரிந்தது.

வழக்கறிஞர், வேடசந்தூர்

என்னுடையது சின்னது. மன்றத்தில் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணத்தைப் பதிவு செய்யப் போனோம். பெண் ஒரு சாதி, பையன் ஒரு சாதி. இரு வீட்டிலும் யாரும் வரவில்லை, மாலை எடுத்துக்கொடுத்தது பையன் வேலை செய்யும் பட்டறை முதலாளி. அலுவலகத்தில் இருந்தவர் கேட்டார்: "எந்தக் கோயில்?" கோயில் இல்லை. "எந்த மண்டபம்?" மண்டபமும் இல்லை, மன்றத்து ஹால். "ஐயர்?" இல்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "அப்போ கல்யாணமே நடக்கலையே" என்றார்.

1953இல் சென்னை உயர்நீதிமன்றமும் இப்படி ஒரு திருமணத்தைச் செல்லாது என்றுதான் சொன்னது. அண்ணா முதல்வரானதும் 1967இல் சட்டத் திருத்தம் கொண்டுவந்து, இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவு சேர்ந்தது. உறவினர், நண்பர் முன்னால் ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொன்னாலோ, மாலையோ மோதிரமோ மாற்றினாலோ, தாலி கட்டினாலோ போதும். 2023இல் உச்ச நீதிமன்றமும் ஊரைக் கூட்டி அறிவித்துத்தான் செய்ய வேண்டும் என்பதில்லை என்று தெளிவாக்கிவிட்டது. எல்லாவற்றையும் அச்செடுத்து மேசைமேல் வைத்தேன். அவர் நிதானமாகப் படித்தார். படித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "சார், செலவு எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டார். மாலை, பிரியாணி எல்லாம் சேர்த்து இருபதாயிரத்துக்குள் என்றேன். அவருக்கு இரண்டு பெண்களாம். என் அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இன்னும் போன் வரவில்லை.

கல்லூரி மாணவி, கரூர்

எல்லாரும் வெளியில் சந்தித்தவர்களைப் பற்றி எழுதுகிறீர்கள். நான் உள்ளே சந்தித்ததை எழுதட்டுமா?

விடுதித் தோழி ஒருத்தியைக் கூட்டத்துக்கு அழைத்து வந்தேன். நெற்றியில் குங்குமம் வைப்பவள். சாதி மறுப்பு என்றால் உயிரைக் கொடுப்பாள், அவள் அக்கா காதலித்ததற்காக வீட்டில் பட்டதைப் பார்த்தவள். செருப்பைக் கழற்றுவதற்குள் ஒருவர், "என்னம்மா, சாமி கும்பிடுவியா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அப்புறம் கூட்டம் முடியும்வரை ஆளாளுக்கு அவளுக்கு விளக்கம். திரும்பும்போது பஸ்ஸில் சொன்னாள்: "உங்க மன்றத்துல சாதி கேக்க மாட்டாங்கன்னு கூட்டிட்டு வந்தே. கேக்கலைதான். ஆனா வாசல்லயே வேற ஒண்ணைக் கேட்டுட்டாங்களே."

அவள் மறுபடி வரவில்லை. இன்னொன்று. பெண் விடுதலை பற்றி இரண்டு மணி நேரம் பேச்சு நடந்த அன்று டம்ளர் கழுவியது நானும் இரண்டு அக்காக்களும். எண்ணினேன், அறுபத்து நான்கு டம்ளர்.

ஓய்வுபெற்ற தபால்காரர், திண்டுக்கல்

அம்மாடி, வாசலில் கேட்டது நான்தான். உன் தோழியிடம் நானே பேசுகிறேன், அவள் விரும்பினால் மட்டும். டம்ளருக்கு முறை போட்டுச் சுவரில் ஒட்டியாயிற்று, ஆண்கள் பெயர்தான் முதலில். மூன்றாம் ஞாயிறு என் முறை.

மகளுக்குப் பிறந்தது பெண். இங்கே நீங்கள் எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். 2031 மே 21 அன்று நம் பக்கம் அடுத்த வளைய கிரகணம் வருகிறது, மதுரை, தேனிப் பக்கம் வளையம் தெரியும், பேத்திக்கு அப்போது பதினொரு வயது, அழைத்துப்போகலாமா என்று கேட்டேன். "அவகிட்ட கேளுங்க" என்றாள். கேட்டேன். இட்லி என்றால் வர மாட்டாளாம். பூரி என்றால் யோசிப்பாளாம்.