ஒரே குழந்தைக்கு இரண்டு நிற அட்டை: கேஷுவால்டி சிஸ்டரை நம்பலாமா?

கரோல்பாக் அம்மா:
போன டிசம்பரில் ஒரு ராத்திரி, சளியும் காய்ச்சலுமாக இருந்த எட்டு மாசப் பையனை டெல்லியில் ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். வாசலில் இருந்த சிஸ்டர் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, அவசரமில்லை என்பதற்கான பச்சை அட்டை கொடுத்து உட்காரச் சொன்னார். 40 நிமிஷம் போச்சு. டியூட்டி மாறி வந்த சிஸ்டர் இரண்டு ஸ்வெட்டரையும் கழற்றினார். மூச்சு இழுக்கும்போதெல்லாம் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. உடனே அட்டையின் நிறத்தை மாற்றி, உள்ளே கொண்டுபோய் ஆக்ஸிஜன் வைத்தார்கள். யாருக்கு அவசரம் என்று பிரிக்கும் இந்த வேலையை டாக்டர்தான் செய்ய வேண்டும்.

வார்டு சிஸ்டர்:
பையன் இப்போது நன்றாக இருக்கிறானா? அந்த சிஸ்டர் செய்தது தப்புதான். ஆனால் நர்ஸ் பார்த்ததால் வந்த தப்பு இல்லை, மூச்சை எண்ணாததால் வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, நிமிஷத்துக்கு 2 மாசத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40 மூச்சு வந்தாலே வேக மூச்சு. மடியில் குழந்தை அழுகையை நிறுத்தும்வரை பொறுத்து, துணியை விலக்கி, முழு ஒரு நிமிஷம் எண்ண வேண்டும். கூட்டம் நெருக்கும்போது முதலில் விட்டுப்போவது இதுதான். எண்ணாவிட்டால் டாக்டரும் பச்சைதான் கொடுப்பார்.

மயூர் விகார் அப்பா:
அப்போது எல்லாம் அன்றைக்கு யார் டியூட்டி என்பதில்தானே இருக்கிறது, சிஸ்டர்? யார் பார்த்தாலும் ஒரே நிறம் வந்தால்தான் நம்பலாம். கனடாவில் எவ்வளவு அவசரம் என்று பார்க்கக் குழந்தைகளுக்கென்றே ஐந்து படி அளவுகோல் இருக்கிறது. அங்கேயும் பயிற்சி பெற்ற இரண்டு நர்ஸ்கள் ஒரு படி முன்னே பின்னே போடுவது உண்டு.

வார்டு சிஸ்டர்:
உண்டுதான். அதனால்தான் காத்திருக்கும் குழந்தையைத் திரும்பத் திரும்பப் பார்க்கச் சொல்கிறோம். கைக்குழந்தை 40 நிமிஷத்தில் அடியோடு மாறிவிடும். முதலில் குழி விழாமலும் இருந்திருக்கலாம்.

கரோல்பாக் அம்மா:
ஸ்வெட்டரையே கழற்றவில்லையே, விழுந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? பதற்றத்தில் எனக்கு இந்தியும் வரவில்லை. "மூச்சு வாங்குறான்"னு தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தேன்.

வார்டு சிஸ்டர்:
இனிமேல் "பஸ்லி சல் ரஹீ ஹை" என்று சொல்லுங்கள். விலா இழுக்கிறது என்பதற்கு இந்த ஊர் அம்மாக்கள் சொல்வது அதுதான். கேட்டதும் எழுந்து வருவார்கள்.

கரோல்பாக் அம்மா:
சொல்கிறேன், ஸ்வெட்டரையும் நானே கழற்றிக் காட்டுகிறேன். ஆனால் இது தெரியாத அம்மாவின் குழந்தையையும் அவர்கள் கண்டுபிடிக்க வேண்டும், சிஸ்டர். நான் கேட்டது அதைத்தான்.